கொன்றைக் கன்றும் குளவிக் கூடும்

முந்தின நாள் காலை பதினொன்று இருந்தது. அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே எண்ணியபோது எட்டுதான் வந்தது. இனியா வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, இலையிலையாகத் திருப்பிப் பார்த்து மறுபடி எண்ணினாள். எட்டேதான்.

கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பெயின்ட் வாளி. அதில் சரக்கொன்றைக் கன்று. கல்லூரி வாசலில் பொறுக்கிய விதையை அவளே முளைக்கவைத்து வளர்த்தது. இரண்டு வருடத்தில் இடுப்புயரம் வந்திருந்தது. பத்து நாளுக்கு முன்பு வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து தளிர் தளிராக உட்கார்ந்து முட்டை வைத்துவிட்டுப் போனது. அம்மா இறந்த பிறகு இனியா அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். அங்கே எல்லாமே அண்ணனுடையது, இல்லையென்றால் அண்ணியுடையது. அவள் படுக்கிற கட்டில்கூட அண்ணியின் சீரோடு வந்ததுதான். அவளுக்கென்று இருந்தவை அந்த வாளியும் அதில் மேய்ந்த பதினொரு பச்சைப் புழுக்களும். அவற்றில் பாதியாவது கூட்டுப்புழுவாகி, இறக்கை விரித்துப் போக வேண்டும் என்று நினைத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

விலங்கியல் படித்தவள் என்பதால் வரிசையாகத்தான் சந்தேகப்பட்டாள். எறும்பா? தண்டில் எறும்புச் சாரை இல்லை. ஓணானா? ஓணான் என்றால் பெரிய புழுவைத்தான் முதலில் விழுங்கும். பெரியவை அப்படியே இருந்தன. நடுத்தரமானவைதான் காணாமல் போயிருந்தன. பத்து மணி வெயிலில் விடை தானாகவே பறந்து வந்தது. நூல்போல இடுப்புள்ள குளவி ஒன்று, கால்களைத் தொங்கவிட்டபடி ஒவ்வொரு இலையாக மோந்து பார்த்துச் சுற்றியது.

"ஓ, நீயா," என்றாள் இனியா. கையை வீசி விரட்டினாள். அது சுவரைத் தாண்டிப் போய்விட்டுக் கால் மணி நேரத்தில் திரும்பி வந்தது.

அன்றைக்கே பழைய கொசுவலையை வெட்டினாள். மூன்று குச்சி நட்டு, வலையைச் சுற்றிப் போர்த்தி, விளிம்புகளை ஒன்றுசேர்த்துச் சணலால் கட்டினாள். இறுக்கமான இரட்டை முடிச்சு. குளவி வந்து வலையில் முட்டி முட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அவளுக்குப் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியதுபோல இருந்தது.

மறுநாள் மாலை வலை கிழியாமல் இருந்தது. ஓட்டை இல்லை. உள்ளே ஆறு.

இனியா கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். வலைக்குள் குளவி எப்படிப் போகும்? அப்போதுதான் முடிச்சைக் கவனித்தாள். அது அவள் போட்டதல்ல. சணலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணியாக இழுத்துவிட்ட முடிச்சு. மல்லிகைச் சரம் தொடுக்கிறவர்கள் போடுவது. இனியாவுக்குப் பூக்கட்ட வராது. எத்தனையோ முறை முயன்று, பூவெல்லாம் உதிர்ந்து திட்டு வாங்கியிருக்கிறாள். அண்ணன் மாறனுக்குத் தன் ஷூ கயிற்றையே ஒழுங்காகக் கட்டத் தெரியாது. இந்த வீட்டில் பூக்கட்டும் கை ஒன்றுதான்.

அண்ணி எழில்மதி புழுவைக் கண்டால் அருவருப்பாள். கத்திரிக்காயில் ஒன்று தென்பட்டால் கூடையோடு கொட்டிவிடுவாள். ஆனால் புழுவை ஒழிக்க நினைக்கிறவள் மொத்தமாக ஒழித்திருக்கலாமே? நாளுக்கு ஒன்றும் இரண்டுமாக ஏன் எடுக்க வேண்டும்? எடுத்துவிட்டு வலையை ஏன் பத்திரமாகத் திரும்பக் கட்ட வேண்டும்? கேட்டால் தெரிந்துவிடும். கேட்கத்தான் இனியாவுக்கு வராது. பேருந்தில் மீதிச் சில்லறையைக்கூடக் கேட்காமல் இறங்கிவிடுகிறவள் அவள்.

கேட்கவில்லை. கவனித்தாள். கவனிக்கத் தொடங்கிய பிறகு அண்ணி செய்வதெல்லாம் விசித்திரமாகத் தெரிந்தது. சமையலின் நடுவே அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போகிறாள். இரண்டு நிமிடம் கழித்து வருகிறாள். இனியா துடைப்பத்தோடு அந்த அறைக்குப் போனால், "இங்க நான் பெருக்கிக்கிறேன், நீ கூடத்தைப் பாரு," என்று கதவருகிலேயே வழி மறிக்கிறாள். கொல்லைப் பக்கத்து ஜன்னல் பகல் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. திரை மட்டும் ஒரு பக்கமாக இழுத்துவிடப்பட்டிருக்கிறது.

அண்ணனுக்கும் அந்த ஜன்னலால் கோபம். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரிகளுக்கு எடை போடுகிற வேலை அவனுக்கு. வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போதே ஆரம்பித்தான்.

"அந்த ஜன்னலைச் சாத்தவே மாட்டியா? கொசு புடுங்கித் திங்குது."

"காத்து வரட்டும்னுதாங்க."

"காத்து எங்க வருது? கொசுதான் குடும்பத்தோட வருது. வலை கட்டலாம்னா அதையும் இவ வெட்டிப் புழுவுக்குக் கட்டிட்டா."

"ஆமா, புழுவுக்குக் கொசுவலை கட்டுற வீடு காரைக்கால்லயே இதுதான்," என்றாள் அண்ணி, அவன் தட்டில் ரசம் ஊற்றியபடி. "நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட என்ன சொல்றது? பொண்ணு பி.எஸ்சி., சீரா அஞ்சு பச்சைப் புழு கொண்டுவரும்னா?"

மாறன் புரையேறும்வரை சிரித்தான். இனியாவும் சிரித்தாள். சிரித்தபின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அன்று மாலை எண்ணியபோது ஐந்துதான் இருந்தன. அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் மதியம் டைப்பிங் வகுப்புக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பினாள். "போயிட்டு வரேன் அண்ணி," என்று குரல் கொடுத்து, வாசல் கேட்டைச் சத்தமாகச் சாத்தினாள். தெருமுனைவரை போய், பக்கத்து வீட்டுச் சலோமி அக்காவின் சந்து வழியாகத் திரும்பி, கொல்லைச் சுவரின் ஓரத்தில் முருங்கைக்குப் பின்னால் நின்றாள். திருட வந்தவள்போல உணர்ந்தாள்.

ரொம்ப நேரம் ஆகவில்லை. அண்ணி ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். வலையின் ஒரு பக்கத்தை, கல்யாண வீட்டு வாசலில் திரையைத் தூக்கிப் பிடிப்பதுபோலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். புழுவைத் தொடவில்லை. பார்க்கக்கூட இல்லை. அவள் பார்த்ததெல்லாம் வானத்தை.

குளவி வந்தது.

"வா," என்றாள் அண்ணி மெதுவாக. "வா, வா, யாரும் இல்ல."

அது உள்ளே நுழைந்து ஒரு புழுவின்மேல் உட்கார்ந்தது. வயிற்றை வளைத்துக் கொட்டியது. புழு ஒருமுறை முறுக்கிக்கொண்டு தளர்ந்தது. தன் நீளமே இருந்த அதைக் கால்களுக்கிடையில் அணைத்துக்கொண்டு, பாரம் தாங்காமல் தாழ்ந்து தாழ்ந்து பறந்து, திறந்திருந்த அந்த ஜன்னலுக்குள் போனது. அண்ணி வலையைக் கட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.

இனியா அறைக்குள் போனபோது அண்ணி திரையை விலக்கிவிட்டு, ஜன்னல் சட்டத்தின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மண்ணால் செய்த சின்னஞ்சிறு பானைகள் மூன்று. இரண்டு மூடியிருந்தன. மூன்றாவதன் வாய்க்குள் குளவி புழுவைத் திணித்துக்கொண்டிருந்தது.

"அண்ணி."

எழில்மதி திடுக்கிட்டுத் திரும்பினாள். "கிளாஸுக்குப் போகல?"

"வலையை ஏன் திறந்தீங்க?"

கேட்டேவிட்டாள். அண்ணி மறைக்கப் பார்க்கவில்லை.

"நீ கட்டினப்புறம் அது வந்து முட்டிட்டுச் சும்மா போவுது. வேற எங்கயாவது போயி கட்ட ஆரம்பிச்சிட்டா? பாதியில வுட்டுட்டுப் போனா நல்லதில்லம்பாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உனக்குத் தெரியாதா? வீட்டுக்குள்ள குளவி கூடு கட்டினா அந்த வீட்ல புள்ள உண்டாவும். எங்க பெரியப்பா வீட்ல கட்டுச்சு, அந்த வருஷமே அக்காவுக்கு நின்னுச்சு. இது செம்மண்ணு வேற. செம்மண்ணுன்னா பொண்ணாம்."

இந்தப் பக்கம் செம்மண் ஏது என்று இனியா யோசித்தாள். எதிர் மனையில் வீடு கட்ட நாலு லாரி அடித்துக் கொட்டியிருந்தது ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. அண்ணிக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். மருத்துவமனைக்குப் போய்வந்த ஃபைல் பீரோவின் மேல் தடித்துக் கிடக்கிறது. ஒரு வருடமாக அதை யாரும் இறக்கவில்லை.

"அந்தப் பானைக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா அண்ணி?"

"தெரியாம என்ன. உன் புழு."

"செத்துப் போகல. உயிரோட இருக்கும், அசைய முடியாது. குளவிக் குஞ்சு பொரிஞ்சு வந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமா..."

"போதும்." அண்ணி திரையை இழுத்துவிட்டாள். "உனக்குப் பதினொன்னு இருந்துச்சுல்ல? எனக்கு?"

இனியா கொல்லைக்குப் போய், பெயின்ட் வாளியை இடுப்பில் தூக்கிவந்து, தன் அறையில் வைத்து ஜன்னலைச் சாத்தினாள். உள்ளே நான்கு இருந்தன.

அதன் பிறகு குளவி வரவில்லை. இரண்டாம் நாள் காலையில் அண்ணி காபி டம்ளரை நங்கென்று வைத்தாள்.

"மூணாவது இன்னும் தொறந்தே கெடக்கு."

"வரும் அண்ணி."

"எப்படி வரும்? நீ எதாச்சும் பண்ணினியா?"

"நான் என்ன பண்ணுவேன்?"

"படிச்சவங்களுக்கு எதை எதால கொல்றதுன்னு தெரியும்ல."

மதியம் இனியா குளியலறைக்குப் போனபோது, அங்கே எப்போதும் இருக்கும் கொசு மருந்து டப்பாவைக் காணோம். அது அண்ணியின் பீரோவுக்குள் போயிருந்தது. போவதற்கு முன் அண்ணி அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்ததை இனியா பார்த்திருந்தாள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கணக்கிட்டிருக்க வேண்டும். அண்ணி தன்னைப் பின்தொடர்வதும் தெரிந்தது. துணி உலர்த்தினால் வாசற்படியில் அண்ணி. குப்பை கொட்டினால் கேட்டருகில் அண்ணி. நாலு நாளுக்கு முன் தான் செய்ததை இப்போது அவள் செய்கிறாள் என்பது புரிந்தபோது இனியாவுக்குக் கோபம் வரவில்லை. கூச்சமாக இருந்தது.

அவள் ஓர் ஏற்பாடு செய்தாள். சலோமி அக்காவின் தோட்டத்தில் முளைக்கீரைப் பாத்தி உண்டு.

"அக்கா, கீரையில புழு இருக்கா?"

"வந்துட்டாளா புழு ராணி! உனக்குன்னே வளக்குறேன் பாரு. எடுத்துட்டுப் போ தாயே, கீரையையும் சேத்தே புடுங்கிக்க. ஏசப்பா, ஒரு வேலை மிச்சம்."

பச்சைநூல்போல வளைந்து வளைந்து நடக்கும் புழுக்கள் நிறையவே இருந்தன. அவை அந்துப்பூச்சிகளின் புழுக்கள். குளவிக்கு இன்னும் பிடித்தவை. இனியா அவற்றை எண்ணவில்லை. எண்ணினால் கொண்டுபோக மனசு வராது என்று அவளுக்குத் தெரியும். வேரோடு ஒரு பிடி கீரையைத் தண்ணீர் டம்ளரில் செருகி, வெளிப்பக்கமாகப் போய் அண்ணியின் ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

வைத்த கையை எடுப்பதற்குள் உள்ளிருந்து ஒரு கை வந்து டம்ளரைத் தட்டிவிட்டது.

"என்ன இது?"

"குளவிக்கு அண்ணி. இதுல புழு இருக்கு. கொன்றைப் புழுவேதான் வேணும்னு அதுக்கு இல்ல."

"உன் புழுவத் தூக்கி உள்ள வச்சுப் பூட்டாத குறையா வச்சிருக்க. இதுக்கு மட்டும் பாவம் பாக்குறியா? எதைத் தடவிக் கொண்டாந்த?"

இனியா மண்ணில் கிடந்த கீரையைப் பொறுக்கினாள். பேசத் தெரிந்தவளாக இருந்தால் பத்து வார்த்தை பேசியிருப்பாள். அவள் ஒரு இலையைக் கிள்ளி, புழு இல்லையென்று பார்த்து, மண்ணை ஊதிவிட்டு வாயில் போட்டு மென்றாள். பச்சை வாசம் தொண்டையில் ஏறியது. இன்னொரு இலையையும் கிள்ளினாள். அண்ணியின் கண்ணைப் பார்த்தபடியே மென்று விழுங்கினாள்.

எழில்மதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பதா திட்டுவதா என்று அவளுக்கே தெரியாததுபோல உதடு கோணியது. "மாடு," என்றாள். பிறகு கையை நீட்டினாள். "குடு இப்படி."

கீரையை அவளே டம்ளரில் செருகித் தண்ணீர் ஊற்றி வைத்தாள். ஆனால் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. இனியா வெளியே சுவரோரமாக நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒருவரையொருவர் கவனித்தபடி நின்றிருந்தார்கள். வெயில் சுவரில் ஒரு சாண் இறங்கியது. மூன்று மணி வாக்கில் குளவி வந்தது. அதேதானா, வேறொன்றா, யாருக்குத் தெரியும்? கீரையைச் சுற்றியது. டம்ளர் விளிம்பில் உட்கார்ந்து எழுந்தது. அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அது ஒரு புழுவைத் தேர்ந்தெடுத்தது.

மறுநாள் மதியத்துக்குள் மூன்றாவது பானையின் வாய் மூடியிருந்தது. ஈரமண் இன்னும் சிவப்பாக இருந்தது. அண்ணி கூப்பிட்டுக் காட்டவில்லை. திரையை மட்டும் முழுவதுமாக விலக்கி வைத்திருந்தாள். இனியா கூடத்திலிருந்தே பார்த்தாள். இந்தக் கூடு குளவியைத்தான் தரும், வேறெதையும் தராது என்பது அவளுக்குத் தெரியும். அதை ஒருநாள் யாராவது அண்ணியிடம் சொல்ல வேண்டியிருக்கும். அது தானாக இருக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் அறையில் நான்கில் ஒன்று, மேயாமல் தண்டின் அடியில் பட்டு நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. விடிந்தால் கூட்டுப்புழு. மற்ற மூன்றும் இன்னும் தின்றுகொண்டிருந்தன. முன்பு பொடியாக இருந்தவை, இப்போது நடுத்தர அளவு. குளவி தூக்கக்கூடிய அளவு.

டைப்பிங் வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஐந்து நாளாகப் போகவில்லை. பையை மாட்டிக்கொண்டு அறைக் கதவைச் சாத்தியவள், நாதாங்கியைப் பார்த்து நின்றாள். மூன்று பானைதானா, நாலாவதும் உண்டா? குளவி எத்தனை கட்டும் என்று அண்ணி நேற்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டிருந்தாள். சமயத்தில் ஏழு எட்டுகூடக் கட்டும் என்று இவளும் பொய் சொல்லத் தெரியாமல் சொல்லியிருந்தாள்.

அண்ணனின் பழைய சைக்கிள் பூட்டைப் பையிலிருந்து எடுத்து நாதாங்கியில் நுழைத்தாள். சத்தம் கேட்காமல் அழுத்தப் பார்த்தாள். டக்கென்று விழுந்தது.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"நல்லா இழுத்துப் பாத்துட்டுப் போ," என்றாள் அண்ணி.

இனியா இழுத்துப் பார்த்தாள்.