இருபத்திரண்டாம் அத்தியாயம்

ராஜரத்தினம் எழுதினால் அமாவாசையன்று நிலா வராது. இது அவரே சொல்லிக்கொள்ளும் பெருமை. சொல்லிக்கொள்ள அவருக்கு உரிமையும் இருந்தது. கதாநாயகனைக் குதிரையில் ஏற்றுவதற்கு முன்னால் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி அன்றைக்கு என்ன திதி என்று பார்ப்பார். வழியில் ஆறு குறுக்கிட்டால், அந்த மாதத்தில் அதில் தண்ணீர் ஓடுமா என்று பொதுப்பணித் துறையில் யாரையாவது பிடித்துக் கேட்பார். வாரம் ஐந்து பக்கக் கதைக்காக எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மூன்று நாள் தூசி தின்பார். ஒவ்வோர் அத்தியாயத்தின் அடியிலும் பொடி எழுத்தில் அடிக்குறிப்பு உண்டு. ஜனங்கள் கதையை ரசித்தார்கள், அடிக்குறிப்பை நம்பினார்கள்.

தொண்ணூற்றாறில் அவர் எழுதிய தொடர் செங்காட்டுக் கோட்டையைப் பற்றியது. ஒரு குட்டி மண்கோட்டை. சரித்திரம் எழுதிய பெரிய மனிதர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. 1780இல் மைசூர்ப் படை வந்தபோது ஒரே காலைப்பொழுதில் அது விழுந்தது. உள்ளேயிருந்து யாரோ கதவைத் திறந்துவிட்டிருக்க வேண்டும் என்று ராஜரத்தினத்துக்குத் தோன்றியது. தோன்றியதற்கு ஆதாரம் தேடினார். தேடுகிறவனுக்குக் கிடைக்காமலா போகும்? காப்பகத்தில் பாரசீக எழுத்தில் ஒற்றை ஏடு கிடைத்தது. மைசூர்ப் பக்கம் சாய்ந்திருந்த ஜாகீர்தார் ஒருவர், ‘கோட்டை வாசலில் புரிந்த உதவிக்காக’ வாசல் காவலன் இமாம் என்பவனுக்கு இரண்டு காணி நிலம் கொடுத்திருக்கிறார். வருஷம் 1191. இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரிக் கணக்குப்படி அது 1777. கோட்டை விழுவதற்கு மூன்று வருஷம் முன்பே கைக்கூலி கொடுத்தாகிவிட்டது என்று ராஜரத்தினம் முடிவுகட்டினார்.

இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் இமாம் தாழ்ப்பாளை விலக்கினான். அவன் கை நடுங்கியதையும், கதவு முனகியதையும், உள்ளே ஒரு குழந்தை விழித்து அழுததையும் ராஜரத்தினம் எழுதியிருந்த எழுத்தில், அந்த வாரம் மயிலாப்பூரில் இமாமைச் சபிக்காத வீடு இல்லை. அடிக்குறிப்பு இப்படி முடிந்தது: ‘இவனுடைய சந்ததியார் பின்னாளில் மயிலாப்பூரில் குடியேறியதாகத் தெரிகிறது.’ ஒரு பழைய கெஜட்டில் கிடைத்த வரி. விட மனசில்லாமல் சேர்த்திருந்தார்.

தொடர் முடிந்த மூன்றாவது வாரம், ஒரு பிற்பகலில், அபிராமபுரத்தில் அவர் வீட்டு வாசலில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் துணிப்பையோடு வந்து நின்றார். விரல் நுனிகளில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

“சார், நான் பைண்டிங் ஷஃபியுல்லா. தெற்கு மாட வீதி சந்துல கடை கீது. நீங்க எழுதின தொடரெல்லாம் பதினெட்டு வருசமா நான்தான் தைச்சுக்கினு இருக்கேன்.”

ராஜரத்தினத்துக்கு முகம் மலர்ந்தது. வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்துவைத்து, கதை முடிந்ததும் காலிகோ துணியில் முதுகு போட்டு பைண்டு செய்து அலமாரியில் வைத்துக்கொள்ளாத வாசகர் அந்த வட்டாரத்தில் யார்? கையெழுத்து வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்துப் பேனாவை எடுத்தார்.

“உட்காருங்க பாய்.”

“வேணாம் சார். அந்த இமாமு எங்க குடும்பத்துக்கு மூத்தவரு.”

ராஜரத்தினம் பேனாவைக் கீழே வைத்தார்.

“தொழுகைக்குப் போனா பசங்க கிண்டல் பண்றானுங்க. ‘பாய் வந்துட்டாரு, கதவைப் பார்த்துக்கோங்கடா’ன்னு. சிரிச்சுக்கினேதான் சொல்றானுங்க. மொதல்ல நானும் கூடவே சிரிச்சேன். எங்க வூட்ல நஸ்ருன்னிசாவால சிரிக்க முடியல. அதுதான் பெட்டியத் தொறந்து இத்த எடுத்துக் குடுத்து, போய்க் காட்டிட்டு வான்னு அனுப்பிச்சுது.”

ராஜரத்தினத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆதாரமில்லாமல் ஒரு வரிகூட எழுதியதில்லை என்றார். உள்ளே போய்க் காப்பக ஏட்டின் ஜெராக்ஸைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். ஷஃபியுல்லா அதைக் குனிந்து பார்த்தார். பிறகு பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பழைய காகிதங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“உங்ககிட்ட ஒரு ஏடு கீது சார். எங்ககிட்ட ரெண்டு கீது.”

முதல் ஏடு, எழுத்துக்கு எழுத்து, காப்பகத்தில் இருந்ததேதான். அதன் தொடர்ச்சியான இரண்டாவதை ஷஃபியுல்லாவின் மைத்துனர் வலியுல்லா படித்துத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். ராஜரத்தினம் அதை நம்பவில்லை. இரண்டு ஏடுகளையும் ஜெராக்ஸ் எடுத்து, தனக்கு வழக்கமாகப் பாரசீகம் படித்துச் சொல்லும் பேராசிரியருக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் போன் வந்தது. வலியுல்லா எழுதியதில் ஒரு சொல்கூடத் தவறில்லை.

இமாம் புரிந்த உதவி என்ன என்று இரண்டாம் ஏடு சொன்னது: ‘கோட்டை விழுந்த அன்று வாசலில் மாண்டவர்களை இன்னார் இனியார் என்று பாராமல் தன் கையால் அடக்கம் செய்ததற்காகவும், அந்த இடுகாட்டைக் காத்து வரவும்.’ அதன்கீழே வருஷம் மறுபடி இருந்தது. இந்த முறை எந்தக் கணக்கு என்ற பெயரோடு: பசலி 1191.

பசலி என்பது நிலவரிக் கணக்கின் வருஷம். 1191 என்றால் கோட்டை விழுந்ததற்கு அடுத்த வருஷம். நிலப் பத்திரத்தில் பசலிதான் இருக்கும் என்பது எந்தக் கிராமத்துக் கணக்குப்பிள்ளைக்கும் தெரியும். பாரசீக எழுத்தைப் பார்த்ததும் ஹிஜ்ரி என்று நினைத்துக்கொண்டவர், திதி பார்த்துக் குதிரை ஓட்டுகிற ராஜரத்தினம். யானைக்கும் அடி சறுக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. சறுக்கிய யானை விழுந்தது இன்னொருவர் வீட்டின் மேல் அல்லவா? பிணங்களைப் புதைத்த கைகளில் தாழ்ப்பாளைக் கொடுத்துவிட்டோமே என்று நினைக்க நினைக்க அவருக்கு உடம்பு கூசியது.

தி. நகரில் இருந்த பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் ஆசிரியர் சண்முகவேலிடம் சொன்னார். இன்னும் ஓர் அத்தியாயம் வேண்டும், தொடரின் தொடர்ச்சியாகவே வர வேண்டும் என்று கேட்டார்.

“கதை முடிஞ்சு புதுத் தொடர் ஆரம்பிச்சாச்சு சார். முடிஞ்ச கதைக்கு எப்படி இன்னொரு அத்தியாயம் போடறது? வாசகர் கடிதப் பக்கத்துல திருத்தம்னு ஒரு பெட்டி போட்டுடறேன். நாலு வரி.”

நாலு வரியும் வந்தது. ராஜரத்தினம் மாட வீதி சந்துக்குப் போனார். சின்னக் கடை. ஒரு பக்கம் தைத்து முடித்த புத்தகங்கள் அடுக்கியிருந்தன. எல்லாம் செங்காட்டுக் கோட்டை.

“பெட்டியைப் பார்த்தீங்களா பாய்?”

“பார்த்தேன் சார். வூட்லயும் படிச்சுக் காட்டினேன். நஸ்ருன்னிசா ஒண்ணும் சொல்லல.” ஷஃபியுல்லா பசைக் கிண்ணத்தை நகர்த்திவைத்தார். “அந்தப் பக்கத்தக் கிழிச்சு ஒருத்தர்கூட பைண்டிங்குக்குக் கொண்டாரல சார். கதைப் பக்கம் மட்டும்தான் வருது.”

அதைக் கேட்டபோதுதான் ராஜரத்தினத்துக்கு முழுசாக உறைத்தது. திருத்தம் பழைய பேப்பர்காரனிடம் போய்விடும். பொய் காலிகோ போட்டு அலமாரியில் உட்கார்ந்திருக்கும். பேரன் பேத்திகள் அதைத்தான் எடுத்துப் படிப்பார்கள். மறுவாரமே ஈக்காட்டுத்தாங்கலில் ஓர் அச்சகத்தில் தன் செலவில் ஒற்றைத் தாள் அடித்துக்கொண்டு வந்தார். அதில் வர்ணனை எதுவும் இல்லை. ‘இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் நான் எழுதியது பொய். இமாம் கதவைத் திறக்கவில்லை. இறந்தவர்களை அடக்கம் செய்தார். தவறு என்னுடையது.’ கீழே பெயர்.

“இதை ஒவ்வொரு காப்பியிலும் சேர்த்துத் தைச்சுடுங்க பாய்.”

ஷஃபியுல்லா தாளை இரண்டு முறை படித்தார். “நான் வெச்சுத் தைச்சா, பைண்டர் அவன் வம்சத்துக்கு அவனே சர்டிபிகேட் குடுத்துக்கினான்னு பேசுவாங்க. புஸ்தகம் அவங்களது. அவங்க வர்றப்ப நீங்களே குடுங்க. சரின்னா ஒட்டித் தரேன்.”

நியாயம்தான். ராஜரத்தினம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் வந்தவர் ஜெயலக்ஷ்மி, பக்கத்துத் தெருவில் இருக்கும் ரிடையரான பள்ளி ஆசிரியை. எழுத்தாளரை அடையாளம் கண்டுகொண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். “சார், அந்த இமாம் கதவைத் தொறக்கற இடம்! படிச்சுண்டு இருக்கறச்சே எனக்குக் கை காலெல்லாம் வெலவெலத்துப் போச்சு.”

“அம்மா, அது தப்பு. நான் தப்பா எழுதிட்டேன்.” தாளை நீட்டினார்.

ஜெயலக்ஷ்மி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “அப்போ கதவை யார் தொறந்தா?”

“தெரியாது.”

“தெரியாதுன்னா?”

“யாருமே திறக்காம இருந்திருக்கலாம். மண் சுவர்தானே. இடிஞ்சு விழுந்திருக்கலாம்.”

“அதுல கதையே இல்லையே சார்.” அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. தாளைப் பலகைமேல் வைத்தார். “இது வேண்டாம். பேத்தி ஹம்சினி படிக்கணும்னு ஆசையாச் சேர்த்து வெச்சது. நடுவுல இப்படி ஒண்ணு இருந்தா நன்னாவா இருக்கும்?”

“அந்த இமாமோட வம்சம்தான் அம்மா இவங்க.”

ஜெயலக்ஷ்மி ஷஃபியுல்லாவைப் பார்த்தார். கெட்ட மனுஷி இல்லை, முகம் சிவந்துபோயிற்று. “அப்படியா பாய்? நேக்குத் தெரியாதே. தப்பா எடுத்துக்காதேங்கோ. கதைதானே?” என்றார். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டார். தாள் பலகையிலேயே கிடந்தது.

கதைதானே. இந்த ஒரு சொல்லை யாரும் தன்னைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் ராஜரத்தினம் இருபது வருஷம் தூசி தின்றார். யாரும் சொன்னதும் இல்லை. பொய்யை மெய் என்று நம்பினார்கள். மெய்யைக் கொண்டுவந்து நீட்டினால் கதைதானே என்கிறார்கள்.

“இது மாதிரி எத்தனை காப்பி பாய்?”

“நாப்பத்தொண்ணு. எல்லாத்துலயும் அந்த அத்தியாயத்த என் கைதான் தைச்சுது. ஒவ்வொரு புஸ்தகமும் பிஸ்மில்லா சொல்லித்தான் எடுப்பேன் சார். இந்த நாப்பத்தொண்ணுக்கும் மட்டும் சொல்லல.” குறைப்பட்டுக்கொள்ளும் தொனி அதில் இல்லை. அடுத்த புத்தகத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே சொன்னார்.

ராஜரத்தினம் எழுந்தார். “அந்த அம்மா வீட்டு நம்பர் குடுங்க. மத்தவங்க விலாசமும் வேணும். நான் வீடு வீடாப் போறேன்.”

“கதவைச் சாத்துவாங்க சார்.”

“சாத்தட்டும். வாசல்ல நின்னு சொல்லிட்டு வரேன்.”

ஷஃபியுல்லா அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆர்டர் நோட்டை எடுத்துப் பிரித்தார். பேனாவைத் திறந்தார். எழுதாமல் மூடினார். கடை ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார்.

“மொதல்ல எங்க வூட்டுக்கு வாங்க சார்” என்றார். “பெட்டி போட்டீங்க, தாள் அடிச்சீங்க. நஸ்ருன்னிசாகிட்ட இன்னும் ஒருத்தரும் வந்து சொல்லல.”