ஐயனாரைச் சுற்றிய வாய்க்கால்

தவளக்குப்பத்துக்கு மேற்கே இருக்கும் புங்கனேரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் நூல் பிடித்ததுபோல் நேராக ஓடும். அதன் வரைபடத்தைக் கணினியில் திறந்த கார்குழலிக்குப் பகீரென்றது. நேராக வந்த கோடு ஐயனார் கோயிலை நெருங்கியதும் கரையேறி, கோயிலை ஒரு முழுவட்டம் அடித்துவிட்டு, அப்புறம்தான் ஏரிப் பக்கம் போனது. எந்த ஊர்த் தண்ணீராவது கோயிலை வலம் வருமா?

புதுச்சேரியில், பழைய பிரெஞ்சு பங்களா ஒன்றில் நடக்கும் ஏரித் திட்ட அலுவலகத்தில் வரைபடம் போடுவது அவள் வேலை. ஜிபிஎஸ் கருவியோடு வாய்க்காலில் நடந்து அளந்தவன் கோபிநாத். நடக்கிற தடமெல்லாம் கோடாகும். அவனைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

"ஐயனாரத் தாண்டி சும்மா போக மனசு வரலக்கா. செருப்பக் கழட்டி வெச்சிட்டு மூணு சுத்து சுத்தினேன்."

"செருப்பக் கழட்டத் தெரிஞ்சுது, மிஷின ஆஃப் பண்ணத் தெரியலையா?"

மூன்று சுற்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே வளையமாகியிருந்தது. கோயில் முன்னால் அவன் நடக்காமல் விட்ட நிஜ வாய்க்காலோ படத்திலேயே இல்லை.

அவள் அம்மா செல்வாம்பாள் அந்த ஏரிக்குக் கீழேதான் தனியாக இருக்கிறாள். கடல் பக்கத்து ஊர். ஏரி நிரம்பினால் கிணறு இனிக்கும், இல்லையென்றால் உப்பு ஏறிவிடும். போன வருடம் முழுக்க அம்மா டீ போடும்போதெல்லாம் பால் திரிந்துபோனது. இந்த மழைக்குள் வாய்க்காலைத் தூர் வாரினால்தான் உண்டு.

பொறியாளர் அரிகிருஷ்ணனிடம் ஓடினாள். அவர் நிதானமாகக் கேட்டார்.

"கோபி அளந்தது நேரா அப்ரூவலுக்குப் போயி, மேப்பு அப்ரூவே ஆயிடுச்சேம்மா. இனிமே கை வெச்சா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். மழைக்குள்ள முடியாது."

"தப்பான எடத்துல தோண்டறதுக்கு மட்டும் முடியுமா சார்?"

"கோடு இருக்கற எடத்துலதாம்மா தோண்ட முடியும்."

இவரிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்றுதான். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே ஏரிக்கே போனாள். ஜேசிபி கோயிலைச் சுற்றிப் பாதி வட்டம் தோண்டி முடித்திருந்தது. ஓட்டுநர் ராஜ்கமல் கைப்பேசியில் கோட்டைப் பார்த்துப் பார்த்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தான்.

"தம்பி, வாய்க்கா அதோ இருக்கு. கோரை முளைச்சிருக்கு பாரு."

"எனக்கும் கண்ணு தெரியுதுக்கா. கோட்ட விட்டு நகந்தா போன் ஆப்புல செவப்பு அடிக்குது. செவப்பு அடிச்சா வேல செஞ்சதாவே ஒத்துக்க மாட்டாங்க."

அள்ளிய மண்ணை அவன் கொண்டுபோய்க் கொட்டியது பழைய வாய்க்காலில். கார்குழலி குறுக்கே போய் நின்றாள்.

"அதுலயா கொட்டற? அதுதானப்பா வாய்க்கா."

"மேப்புல அது காலி எடம்க்கா. வேற எங்க கொட்டறது?"

அவனையும் குற்றம் சொல்ல முடியவில்லை. படம் போட்ட அலுவலகத்தில்தானே அவளும் சம்பளம் வாங்குகிறாள். அன்று இரண்டு மனு எழுதினாள், மூன்று பேருக்குப் போன் போட்டாள். பார்க்கலாம் என்றார்கள். யாரும் பார்க்கவில்லை.

ஐப்பசி மழை சொன்ன நேரத்துக்கு வந்து கொட்டோ கொட்டென்று கொட்டியது. வந்த தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, புது வட்டத்துக்குள் நுழைந்து, கோயிலைச் சுற்றி நின்றுவிட்டது. கொட்டிய மண்ணோ பழைய வாய்க்காலை அடைத்து மேடாக நின்றது. அதைத் தாண்டி ஏரிக்குப் போக வழியில்லை. மிச்சம் வயலில் பாய்ந்து கடலுக்குப் போனது. அலுவலகத் திரையில் மட்டும் புங்கனேரி வேலை பச்சைப் பசேலென்று முடிந்திருந்தது. அரிகிருஷ்ணன் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். கார்குழலி அதை மேசையிலேயே வைத்துவிட்டாள்.

அப்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"ஏரில சொட்டுத் தண்ணி இல்லடி. கெணறு இன்னும் உப்புதான், காலைல கூட பால் திரிஞ்சிடுச்சு. ஆனா ஐயனார் கோயில சுத்தி தண்ணி நிக்குது பாரு, அவ்ளோ அழகு. ஊரே வந்து கும்புடுது."

"நீயும் போனியாம்மா?"

"போகாம? ஏரிக்குத் தண்ணி வரணும்னு வேண்டிகிட்டு நானும் மூணு சுத்து சுத்திட்டு வந்தேன்."

கார்குழலி திரையில் இருந்த வளையத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"சுத்தும்போது கையில போன் வெச்சிருந்தியாம்மா?"