தரையில் நாலு ஓட்டை

என் கணவர் யுகேந்திரனுக்கு இரண்டு குடும்பம். ஒன்று நானும் என் வாயும். இன்னொன்று அந்த ஜீப். மேல்கூரையைக் கழற்றி வைக்கலாம் என்பதுதான் அதன் பெருமை. கழற்ற முடிகிற கூரை ஒழுகவும் செய்யும் என்று விற்றவன் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை.

நாங்கள் இருக்கும் பெர்மாஸ் ஜெயாவில் நாலு தூறல் போட்டால் போதும், முன்சீட்டில் இருக்கும் என் முழங்காலில் சொட்டு விழும். ரப்பரை மாற்றினார். சிலிக்கான் பூசினார். கூரைத் துண்டுகளைக் கழற்றி மறுபடி பொருத்தி, கொக்கிகளை இறுக்கி, ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துச் சோதித்தார். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. இந்த மூலையை அடைத்தால் அந்த மூலை ஒழுகியது. பூஞ்சை பிடித்து நாறிய கார்ப்பெட்டைக் கடைசியில் பிய்த்தே எறிந்துவிட்டார். அன்றிலிருந்து வெறும் தகரத்தில்தான் எங்கள் கால்கள்.

"இனிமே ஒழுகினாலும் பரவால்ல லா. உள்ள தண்ணி தேங்காது," என்று போன மாதம் ஒரு நாள் பெருமையாகச் சொன்னார். இன்னொரு சிலிக்கான் கதை என்று நினைத்து நான் காது கொடுக்கவில்லை.

என் அப்பா ஐயாசாமி பெக்கோக்கில் தனியாக இருக்கிறார். சர்க்கரை வியாதியில் இரண்டு கிட்னியும் போய், வாரம் மூன்று முறை சிகாமட் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். வெள்ளம் வந்து சாலையை மூடியதில் செவ்வாய்க்கிழமை போக முடியவில்லை. வியாழன் காலை போனில் பாதி பேச்சு, பாதி மூச்சு. நாங்கள் ஜீப்பில் கிளம்பினோம். அந்த வண்டியை நான் வையாமல் ஏறியது அன்று ஒரு நாள்தான்.

போகும்போது சாலையில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். உடம்பில் சேர்ந்த நீரெல்லாம் இறங்கி இரண்டு பாதமும் பன்னு மாதிரி உப்பியிருந்தன. எந்தச் சிலிப்பரும் நுழையவில்லை. வெறுங்காலோடு தாங்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் ஏற்றினோம்.

அவரைச் சிகாமட்டுக்குக் கொண்டுபோகும்போது அதே சாலை ஆறாகக் கிடந்தது. செம்பனை மரங்களுக்கு நடுவே பழுப்பு நீர் ஓடிக்கொண்டிருந்தது. தீயணைப்புக்காரர் ஒருவர் கையை ஆட்டி நிறுத்தி, படகு வரும், ஆனால் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்று மலாயில் சொன்னார். எங்களுக்கு முன்னால் ஒரு மரக்கட்டை லாரி மெதுவாகத் தண்ணீரில் இறங்கியது. யுகேந்திரன் அதையே பார்த்தார்.

"அது பின்னாலயே போயிடலாம். டயர் உசரத்துக்குத்தான் தண்ணி."

"நடுவுல நின்னுட்டா?"

"மாமாவப் பாரு லோஷி."

திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் உதடு கறுத்திருந்தது. "போலாம் மாப்ள," என்றார். அந்த இரண்டு சொல்லுக்கு அவர் மூன்று முறை மூச்சு வாங்கினார். தீயணைப்புக்காரரும் பின்சீட்டை எட்டிப் பார்த்தார். பிறகு ஒதுங்கி வழி விட்டார்.

இறங்கினோம். லாரி தள்ளிவிட்ட அலை கதவில் மோதியது. கூரை வழக்கம் போல என் முழங்காலில் சொட்டியது. நான் லாரியின் பின்விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பாதம் சில்லென்றது. குனிந்து பார்த்தால் தரையிலிருந்து தண்ணீர் குமிழியிட்டு மேலே வந்துகொண்டிருந்தது.

"என்னங்க இது, அடியிலேர்ந்து வருது!"

அவர் ஒரு கணம் குனிந்து பார்த்தார். "ஐயோ, அலமாக்," என்றார். "மூடி."

"என்ன மூடி?"

"தரையில நாலு ஓட்டை இருக்கு. ரப்பர் மூடி போட்டிருக்கும். மேலேர்ந்து ஒழுகுற தண்ணி அப்படியே கீழ போகட்டும்னு ஸ்க்ரூ டிரைவரால நெம்பி எடுத்துட்டேன்."

"மூடி எங்க?"

"வீட்டுல."

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவர் கதையைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவரையே கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான் தெரிந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன், அவர் முந்திக்கொண்டார். "சீட்டுக்கு அடியில வயர் பெட்டி இருக்கு லோஷி. அது நனைஞ்சா இஞ்சின் அணைஞ்சிடும். இங்க அணைஞ்சா..."

துண்டைச் சுருட்டி ஓட்டையில் திணித்தேன். தண்ணீர் அதைத் துப்பியது. சிலிப்பரை வைத்து மிதித்தேன், அடிப்பக்கக் கோடுகளின் வழியே கசிந்தது. கடைசியில் சிலிப்பரை உதறிவிட்டு வெறும் குதிகாலை ஓட்டையில் வைத்து அழுத்தினேன். நின்றது. ஆட்டோ கியர் வண்டி என்பதால் அவருக்கு இடது கால் சும்மா இருந்தது. தன் பக்கத்து ஓட்டையை அதனால் மிதித்துக்கொண்டார். மீதி இரண்டு, அப்பாவின் காலடியில்.

நான் பின்னால் தாவலாமென்று காலைத் தூக்கியதும் என் ஓட்டை பீறிட்டது. மறுபடி மிதித்தேன். தண்ணீர் சீட்டின் அடியிலிருந்த வயர் பெட்டியைத் தொட இன்னும் மூன்று விரல்தான் இருந்தது.

"அப்பா, கீழ ரெண்டு ஓட்டை இருக்கும். காலால அழுத்த முடியுமா?"

அப்பா குனிந்து பார்த்தார். பெரிய பாதம் ஒன்றைத் தூக்கி வைத்தார். அப்புறம் இன்னொன்றை. உப்பிய சதை ஓட்டையைச் சுற்றி அப்படியே பொருந்திக்கொண்டது. குமிழி அடங்கியது. முன்சீட்டு முதுகைக் கட்டிப் பிடித்து உடம்புப் பாரம் முழுவதையும் கால்களில் இறக்கினார். மூச்சு இழுக்கிற சத்தம் என் காதுக்கு நேராகக் கேட்டது.

"வலிக்குதாப்பா?"

"ஒன்னும் தெரியல மா. கால்தான் மரத்துப் போயி வருசமாச்சே."

அது எனக்கு நிம்மதியாக இருந்தது. என் குதிகாலில் ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி ஏறிக்கொண்டிருந்தது, எடுக்கவும் முடியாது. முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே, நடுவில் புருஷனையும் திட்டிக்கொண்டே வந்தேன். ஜீப் ஒரு முறை இருமியது. யுகேந்திரன் "வா லா, வா லா," என்று ஸ்டியரிங்கிடம் கெஞ்சினார். ஒரு கணம் சக்கரங்கள் பிடி விட்டு வண்டி பக்கவாட்டில் மிதந்தது. மறுபடி தார்ச்சாலையைத் தொட்டது. லாரி மேடேறியது. நாங்களும் ஏறினோம்.

"வந்துட்டோம் மாமா, காலை எடுங்க!"

அப்பா எடுக்கவில்லை. கண் மூடியிருந்தது, மயங்கியிருந்தார். மயங்கியும் கால் இரண்டும் ஓட்டையின் மேலேயே இருந்தன. நான் பின்னால் தாவி அவற்றைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே இருந்த தண்ணீர் கடகடவென்று கீழே இறங்கியது. சிகாமட் போய்ச் சேரும் வரை அவர் மூக்கருகே விரலை வைத்தபடியே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, உடனே டயாலிசிஸ் மெஷினில் போட்டார்கள். மாலையில் மூச்சு சீரானது. அப்பா கண் திறந்து "மழை விட்டுருச்சா?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. செத்துப் பிழைத்தவர் கேட்கிற கேள்வியா அது.

அந்த நேரம் தாதி ஈரத்துணியால் அவர் காலில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வலது பாதத்தில் கை நின்றது. துணியை வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளங்காலில் வட்டமாக ஒரு வெட்டு. ஸ்க்ரூ டிரைவர் நெம்பி நிமிர்ந்த தகர விளிம்பு ஆழமாக இறங்கியிருந்தது. உள்ளே சேறு. அப்பா அதை அடுத்தவர் காலைப் பார்ப்பது போலப் பார்த்தார். "எப்ப பட்டுச்சு?" என்று என்னையே கேட்டார்.

டாக்டர் கழுவினார், ஊசி போட்டார், சிவந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார். சிவப்பு கோட்டைத் தாண்டினால் உடனே சொல்ல வேண்டும் என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சர்க்கரைக்காரர் இருக்கிற வீட்டில் யாரும் சொல்லவும் வேண்டாம். பெக்கோக்கில் எங்கள் பக்கத்து வீட்டு லெட்சுமணன் மாமாவுக்கு முள் குத்தியதில் ஆரம்பித்தது. இப்போது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

யுகேந்திரன் கட்டிலின் கால்மாட்டில் ஈரச் சட்டையோடு நின்றார். "எல்லாம் என்னாலதான் மாமா," என்றார். திட்டுவதற்கு என்னிடம் ஒரு லாரி வார்த்தை இருந்தது. அதை விட்டுவிட்டு, தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று நகர்ந்தேன்.

"ஏன் நொண்டுற?" என்று அப்பா கேட்டார்.

"குதிகால்ல. அந்த ஓட்டை."

"வலிக்குதா?"

"உயிர் போவுதுப்பா," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் தன் காலை ஒரு முறை பார்த்துவிட்டு, ஊசி குத்தாத கையை என் தலையில் வைத்தார். திருநீறு பூசும்போது பேசுகிற குரலில், "நல்லா வலிக்கட்டும் மா," என்றார்.