அண்ணன் இல்லாத நிக்காஹ்

காரைக்குடியில் ஆபிதாவின் வீட்டு வாசலில் தண்ணீர் லாரி நின்றது. நாளை மறுநாள் மகள் அர்ஷியாவுக்கு நிக்காஹ். விருந்துச் சமையலுக்காக நீல டிரம்கள் நிறைந்துகொண்டிருந்தன. அப்போதுதான் சென்னை விமான நிலையத்திலிருந்து மகன் அன்வர் சாதிக் அழைத்தான்.

“அம்மா, என்னய வெளிய விடல. ஆறு நாள் ஆஸ்பத்திரியில தனியா வச்சிருப்பாகளாம்.”

ஆபிதாவின் கணவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. தகப்பன் இல்லாத பெண்ணுக்கு அண்ணன்தான் முன்நின்று நிக்காஹ் முடித்துக் கொடுக்க வேண்டும். அதற்காகவே உகாண்டாவிலிருந்து வந்தான்.

“ஒனக்கு என்னடா செய்யுது?”

“ஒண்ணும் செய்யலம்மா. உகாண்டாவுலருந்து வர்றவுக மஞ்சக் காய்ச்சல் ஊசி போட்டுப் பத்து நாள் ஆகியிருக்கணும். எனக்கு நாலு நாள்தான் ஆகுது.”

ஆபிதாவின் அண்ணன் சபியுல்லா போனை வாங்கினார். “ஏன்டா, நீ போகும்போதே ஊசி போட்ட கார்டு இருந்துச்சே?”

“அது என்னய வேலைக்கு அனுப்புன ஏஜென்ட் குடுத்தது மாமு. ஊசியே போடல. சும்மா சீல் குத்திக் குடுத்தான். அதுவும் பையிலதான் கெடக்கு.”

“அடக் கிறுக்கா! அதக் காட்டிட்டு வர வேண்டியதுதான?”

“கையி மொதல்ல அதத்தான் எடுத்துச்சு. நீட்ட முடியல மாமு.”

காரணத்தைச் சொன்னான். உகாண்டாவில் அவன் வேலை பார்க்கும் கடையில் அவனோடு சரக்கு இறக்கிய ஒருவன். அவனும் ஊசி போடாதவன். காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளானது. வாயில் ரத்தம் வந்தது. ஒரு வாரத்தில் செத்துப்போனான். அதைப் பார்த்த பிறகுதான் அன்வர் ஓடிப்போய் ஊசி போட்டுக்கொண்டான்.

“அந்தக் காய்ச்சல் நம்ம நாட்டுல இல்ல. அதப் பரப்புற கொசு மட்டும் இருக்கு. போன மழைக்கு அர்ஷியாவுக்கு டெங்கு குடுத்துச்சுல்ல, அதே கொசுதான். எனக்குள்ள அந்தக் காய்ச்சல் இருந்து, கொசு என்னயக் கடிச்சு, அப்புறம் அக்கம்பக்கத்துல உள்ளவுகளக் கடிச்சா? நம்ம ஊருக்கு இதக் கொண்டாந்தவன் நானா இருக்கக் கூடாது.”

“மெட்ராஸுல எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு. பேசிப் பாக்குறேன்.”

“பேசாதீக மாமு. வெளிய விட்டாலும் வர மாட்டேன்.”

அர்ஷியா மருதாணிக் கையோடு வந்து போனருகே குனிந்தாள். “அண்ணே, நீ கொசு வலைக்குள்ளயே கெட. பிரியாணிய போட்டோ எடுத்து அனுப்புறேன், பாத்துக்க.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் நிறைந்திருந்தது.

“எனக்குப் பதிலா மாமு நின்னு முடிச்சுக் குடுக்கட்டும். நிக்காஹ் ஓதுற ஹஜ்ரத்துக்கிட்ட நான் சொல்லிடுறேன்” என்றான் அன்வர்.

ஆபிதா எழுந்து வாசலுக்குப் போனாள். கொசு புகாதபடி டிரம்களின் வாயில் துணி போட்டு ஒவ்வொன்றாக இறுக்கிக் கட்டினாள்.

நிக்காஹ் அன்று மண்டபத்தில், மாப்பிள்ளையின் பெரியம்மா எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள். “கூடப் பொறந்தவன் இல்லாம ஒரு கல்யாணமா? பயலுக்கு என்ன சீக்கோ, அடைச்சு வச்சிருக்காகளாம்ல.”

பெண்கள் சிலர் சிரித்தார்கள். இந்தப் பேச்சுக்குத்தான் ஆபிதா இரண்டு நாளாகப் பயந்திருந்தாள். இப்போது பயம் வரவில்லை.

“எம் மகனுக்கு ஒரு சீக்கும் இல்ல. தப்பித்தவறி இருந்தா அது உங்க வீட்டுக்கு வந்துறக் கூடாதுன்னு அவனாப் போயி உக்காந்திருக்கான். ஊசி போட்டதாப் பொய்க் கார்டு பையில இருந்துச்சு. அதக் காட்டியிருந்தா இந்நேரம் இங்குட்டு நின்னு ஒங்களுக்குப் பன்னீர் தெளிச்சிருப்பான். காட்டல. அவனப் பெத்தவ நான்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் மகனும் அடுத்த மாதம், அதே காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க நாடான கானாவுக்கு வேலைக்குப் போகிறான். ஊசி, கார்டு எல்லாம் தன் பொறுப்பு என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான்.

பந்தி முடிந்ததும் அவளே ஆபிதாவைத் தேடி வந்தாள்.

“அந்த ஊசிய எங்குட்டுப் போடுறாக?”

மகன் போனில் சொன்னதையெல்லாம் ஆபிதா சொன்னாள். “கவர்மென்டு அனுமதிச்ச எடத்துல மட்டுந்தான். பொறப்படுறதுக்குப் பத்து நாளைக்கு முந்தியே போட்டுறணும். ஒருக்காப் போட்டா ஆயுசுக்கும் போதுமாம்.”

“ஏஜென்ட் குடுக்குற கார்டு ஆகாதோ?”

“கார்டக் காட்டி ஆபீசர ஏமாத்தலாம் சம்பந்தியம்மா. கொசுவ ஏமாத்த முடியாது.”