ஒரே சடையில் குடிபோனவை

2006 கார்த்திகையில் ரோஸ்மேரியின் மூளையிலிருந்து சில செல்கள் புறப்பட்டு அமராவதியின் மூளைக்குக் குடிபோயின. திருப்பூர் மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில், டீ டைமில் நடந்தது. பார்த்தவர்கள் டீயை ஆறவிடவில்லை.

அமராவதி அங்கே ஓவர்லாக் டெய்லர். சாத்தான்குளம் பக்கமிருந்து வந்த ரோஸ்மேரி அவளுக்குக் கைமடி. துணியை மடித்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி, பிசிறு கத்தரித்து, காலடியில் சேரும் கழிவையும் அள்ளுகிறவள். அந்தச் சித்திரையில் அமராவதியின் வலது கட்டைவிரல் மெலிந்தது. ஆடிக்குள் தோள்வரை சதை வற்றியது. கணவன் ராஜவேல் அதே கம்பெனியில் சூப்பர்வைசர். லைன் மெதுவானால் டெய்லரை மாற்றுவான். கைமடியை யாரும் விசாரிப்பதில்லை. அதே பழக்கத்தில் நரம்புக்கு டானிக், நரம்புக்குத் தைலம், நரம்புக்கு ஊசி என்று வாங்கினான். கோயம்புத்தூர் டாக்டர் இயக்க நரம்பு நோய் என்றார். மூச்சு வரைக்கும் வந்தால் பிழைக்க முடியாது. நரம்பு செல் தனியாகச் சாவதில்லை, அதற்கு ஊட்டம் கொடுத்துக் கழிவை அள்ளும் துணை செல்கள் சுற்றிலும் உண்டு, அவை கெட்டால் விஷத்தை அவையே கொட்டும் என்றும் சொன்னார்.

"அப்ப டெய்லர் மேல தப்பில்லீங்களா? கைமடி கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டான் ராஜவேல்.

"ரெண்டு பேர் மேலயும் இருக்குதுங்க. ஆனா நல்ல கைமடி சுத்தி இருந்தா, முடியாத டெய்லரும் இன்னுங் கொஞ்ச நாள் ஓட்டீர்றாரு. எலியில பாத்திருக்காங்க. மனுசனுக்கு இன்னும் வரலீங்க."

இதை அவன் கம்பெனியில் சொன்னபோது ரோஸ்மேரி பிசிறு கத்தரித்துக்கொண்டிருந்தாள். "என் தலைக்குள்ள பெருசா என்ன வேல ஓடுது? பாதி அங்க வரட்டும் அக்கா," என்றாள்.

"பாதி வந்துட்டா உனக்கு மிச்சம் இருக்குமா கண்ணு?" என்றாள் அமராவதி.

தைத்ததில் குறை பார்க்கும் செக்கிங் பெண்கள், தினமும் டீ டைமில் அமராவதியையும் ரோஸ்மேரியையும் முதுகோடு முதுகாக உட்காரவைத்து, இரண்டு தலைமுடியையும் சேர்த்து ஒரே சடையாகப் பின்னினார்கள். நட்சத்திர வடிவில், எள்ளைவிடச் சிறியதாக, செல்கள் சடைமேல் வரிசையாக நடந்து போயின. வழியை மறைத்த கனகாம்பரத்தை ஒருத்தி எடுத்துவிட்டாள். மழை நாட்களில் கொஞ்சம் மெதுவாகப் போயின. தை பிறக்குமுன் போக்குவரத்து ஓய்ந்தது.

நோய் கழுத்தடியில் நின்றுகொண்டது. போன சதை திரும்பவில்லை. இடது கையும் மூச்சும் இருந்தன; அமராவதி இடது கையால் செக்கிங் பார்த்தாள். சிவன்மலை முருகன் முன்னால் ரோஸ்மேரியின் சர்ச் பாட்டு அமராவதி வாயில் வந்தது. பூசாரி திருநீறு கொடுத்தார். புருஷனை "ஏனுங்க" என்றே கூப்பிட்டவள் ஒருநாள் சாத்தான்குளத்துப் பேச்சில் "ஏல, தண்ணி கொண்டா" என்றாள். ராஜவேல் கொண்டுவந்தான். ரோஸ்மேரி பனியன் சைஸில் எக்ஸெல்லையும் மீடியத்தையும் அவ்வப்போது குழப்பினாள், வேறு குறையில்லை.

2009 வைகாசியில் ரோஸ்மேரிக்கு ஊரில் கல்யாணம் நிச்சயமானது. செல்களும் கூடவே போய்விடுமோ என்று ராஜவேலுக்குச் சோறு இறங்கவில்லை. கிளம்பும் மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் அவளே, "கேட்டுருவோம் அண்ணே," என்று சடையைச் சேர்த்துப் பின்னச் சொன்னாள். காத்திருந்தார்கள். ஒரே ஒரு செல் அமராவதியின் காதோரம் வரை வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

"அதுக இங்கனயே பழகிட்டு. நான் கூப்புட்டாலும் வராது," என்றாள் ரோஸ்மேரி.

பஸ் புறப்பட்டது. அமராவதி இடது கையை உயர்த்தி ஆட்டினாள். பஸ் மறைந்த பிறகும் ஆட்டினாள், வலித்தபோது இறக்கிக்கொண்டாள். ராஜவேல் இரண்டு கரும்புச்சாறு சொன்னான்.