தீவாவின் நன்றிக் குப்பி

வடபுலப் பாலையினின்று புறப்பட்ட புழுதிக்காற்று எங்கள் குவாகு மலைமுடியை வெளிறிய போர்வையால் மூடி, அடிவாரத்து ஏரியைக் கண்ணுக்கு மறைத்து, உதடுகளை வெடிக்கச் செய்திருந்த காலைப் பொழுதில், மாடிவீடொன்றன் முற்றத்தில் துக்கத்துக்குரிய கறுப்பும் சிவப்பும் உடுத்தோர் திரண்டிருந்தனர். பர்மாக் காடுகளில் சப்பானியரோடு பொருது மீண்டவரும், அறுவர் மக்களுக்குத் தந்தையுமாகிய யாவ் ஓவரே உள்ளே உயிரின்றிக் கிடந்தார்.

முரசு ஓய்ந்த இடைவெளிகளில் ஊரார் அவரைப் புகழ்ந்த புகழ்ச்சியில் பொய் சிறிதும் இல்லை. குண்டடிபட்ட தோழனைத் தோளிற் சுமந்து ஆற்றைக் கடந்தவர்தாம்; பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டால் மனைவியை உறங்கச் சொல்லித் தாமே நெற்றியில் ஈரத்துணி மாற்றியவர்தாம். ஆயினும், படிப்போரே, எனக்கு அவர்மீது தீராத சினம் உண்டு. அதன் காரணத்தைக் கேட்டபின் நீங்களே தீர்ப்புரையுங்கள்.

அவ்வீடு எழும்ப, மனைவி அமா தீவா கொக்கோக் காய் உடைத்துக் கை வெடித்து, செங்கல் அறுக்கும் களத்துக்குத் தலையில் நீர் சுமந்தவள். ஆனால் எம் வழக்கில் ஆடவன் தேடிய வீடு அவன் தாய்வழிக் குலத்துக்கே உரியது. அவன் உயிரோடிருக்கையில் மனைவிக்குக் கொடையாக அளித்து, அவள் அளிக்கும் நன்றிச் சாராயத்தைக் குலத்தார் பருகினாலன்றி அவளுக்கு அதில் உரிமையில்லை. ஓவரே வீட்டை அவளுக்கென்றே சொன்னார். அவளும் சீமைச் சாராயக் குப்பியொன்று வாங்கி, தன் மணச்சேலையின் ஓரத்தைக் கிழித்து அதன் கழுத்தில் கட்டி, சான்றுக்கு ஆள் அழைத்துச் செல்ல முனைந்தாள்.

"நீ எதுக்கு? எங்க அக்கா ஏச்ச நீ கேக்க வேணாம். நானே கொண்டு போறேன்," என்றார் அவர். அந்தி சாயத் திரும்பிவந்து, "குடிச்சாங்க. சந்தோசமாவே குடிச்சாங்க," என்றார். அவர் சொல்லை ஐயுறுதல் அவளுக்கு வராத ஒன்று.

புகழுரைகள் முடிந்தபின் குலத்தலைவர் ஓபிரி தொண்டையைச் செருமினார். "தீவா, வருசச் சடங்கு முடிஞ்சதும் வீட்ட ஒப்படைச்சிரணும்மா."

"ஐயா மறந்துட்டீங்க. நன்றிச் சாராயம் குடிச்சீங்களே."

"குடிச்ச சாராயத்தையா நான் மறப்பேன்? ஊரக் கேளு," என்றார் கிழவர். துக்கத்திற்கிடையேயும் சிலர் சிரித்துவிட்டனர்.

ஓவரேயின் தமக்கை குமி சிரிக்கவில்லை. "எங்க தம்பி ஒரு சொட்டும் கொண்டுவரல. பொணத்த வச்சிக்கிட்டுப் பொய் சொல்றியாடி?"

"அவரு பொய் சொல்ற மனுசர் இல்ல, அண்ணி," என்றாள் தீவா.

பிணத்துக்குப் போர் உடை அணிவிக்க வேண்டியிருந்தமையால், பேச்சை நிறுத்திவிட்டு இருவரும் உள்ளே சென்றனர், ஓபிரியும் பின்தொடர்ந்தார். குமி அவர் படையுடை வைத்திருந்த பேழையைத் திறந்து காக்கிச் சட்டையைத் தூக்கினாள். அடியில் ஒரு குப்பி இருந்தது. மூடி திறக்கப்படவில்லை, கழுத்தில் மணச்சேலைத் துண்டு பழுத்துப்போய்க் கட்டியபடியே இருந்தது.

தீவா அதை எடுத்து ஓபிரியிடம் நீட்டினாள். "இப்பக் குடிங்க ஐயா."

அவர் கை பின்வாங்கியது. "குடுத்தவர் வாயால சொல்லணும்மா. இனி அவரு எப்பிடிச் சொல்லுவாரு?"

அவள் கணவனின் முகத்தருகே அமர்ந்தாள். "சப்பான்காரனுக்குப் பயப்படல. உங்க அக்காவுக்குப் பயந்துட்டீங்க. அதச் சொல்லியிருந்தா நானே போயிருப்பேனே. என் மொகத்தப் பாத்து, குடிச்சாங்கன்னு சொன்னீங்களே." சட்டைப் பொத்தான்களைத் தானே பூட்டினாள்.

வெளியே படைத்தோழர் ஒருவர், "வீரர், நல்ல குடும்பத் தலைவர்," என்று முடித்துக்கொண்டிருந்தார். வாயிலில் வந்து நின்ற தீவா தாழ்ந்த குரலில் கேட்டாள்: "எந்தக் குடும்பத்துக்கு?"

ஓவரேயின் அன்பு பொய்யன்று, வீரமும் பொய்யன்று. தமக்கைமுன் நின்று ஒரு சொல் உரைக்கக் கூசியதால், தம்மை நம்பிய ஒருத்தியை ஊர்முன் பொய்யுரைத்தவளாக்கிச் சென்றார். முரசு மீண்டும் முழங்கிற்று. குலத்தார் அவரைத் தோளிலேற்றிச் சென்றனர். அவள் மட்டும் உடன் செல்லவில்லை.