இருண்ட பொருளும் வெள்ளைத் தாளும்

1

இந்தக் கதை எனக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. ஒரு பெண்ணை வாழ்த்தும் ஃப்ளெக்ஸ். அதில் ஒரே ஒரு வார்த்தையின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. தாளில் எதுவும் எழுதவில்லை. அடியில் என்ன இருக்கிறதென்று பிய்த்துப் பார்க்க ஆசைதான். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் என்னையே பார்த்தார். வேறு வழியில்லாமல் கதை எழுத உட்கார்ந்தேன்.

2

‘பிரபஞ்சம் தோன்றிய அந்த முதல் கணத்தில்’ (வேண்டாம். அங்கிருந்து கிளம்பினால் கதாநாயகியின் ஊரான கோலியனூர் வந்து சேர நாளாகும்.)

‘கோட்பாட்டு இயற்பியலாளர் கலைப்பிரியா நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். டீ குடித்தாள். மறுபடி யோசித்தாள்.’ (அவள் வேலையே இதுதான். காதலிக்கவாவது வைப்போமே என்று பார்த்தேன். எழுந்தால்தானே!)

3

சரி, நடந்ததைச் சொல்கிறேன். (எங்கே நடந்தது? நான்தான் நடத்துகிறேன்.)

கலைப்பிரியாவுக்குக் கோலியனூரில் பள்ளி, விழுப்புரத்தில் கல்லூரி, இப்போது பெங்களூரில் ஒப்பந்த வேலை. பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் இருண்ட பொருள்* எதனால் ஆனது என்று கணக்குப் போட்டாள். விடை வந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் அப்பாவுக்குப் போன் செய்தாள். மல்லாட்டை (வேர்க்கடலைதான்) பயிரிடும் பாண்டுரங்கன் அன்றைக்கே ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார்: ‘இருண்ட பொருளையே கண்டுபிடித்த எங்கள் கலைப்பிரியா!’ ஞாயிற்றுக்கிழமை ஊரில் பாராட்டு விழா.

சனிக்கிழமை, ஊருக்கு வரும் பஸ்ஸில், கணக்கில் ஒரு மைனஸ் குறி விட்டுப்போயிருப்பதைப் பார்த்தாள். மொத்தமும் தப்பு.

* அது என்னவென்று என்னைக் கேட்காதீர்கள். அவளுக்கே தெரியாது. அதற்குத்தான் சம்பளம்.

4

இங்கே அவளை அழவைத்து ஒரு பக்கம் எழுதினேன். எனக்கே அழுகை வந்துவிட்டதால் அடித்துவிட்டேன். ஊர் பார்க்க அப்பா தலைகுனிவாரே என்பதுதான் அவள் பயம்.

பஸ் மாறத் திண்டிவனத்தில் இறங்கினால், மகள் வரும் வழியிலேயே கட்டிவிட வந்த பாண்டுரங்கன் ஏணிமேல் நின்று ஃப்ளெக்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார்.

“அப்பா, அத்த அவுத்துடுப்பா. கணக்கு தப்பாயிடுச்சி. நான் கண்டுபிடிக்கல.”

“அப்ப அது இன்னும் கெடைக்கலியா?”

“இல்லப்பா.”

“தேடிக்கினுதான் இருக்கியா?”

“ஆமாம்ப்பா.”

பாண்டுரங்கனின் முகம் மலர்ந்தது. “அத்த மொதல்லயே சொல்றதில்லயாம்மா? கண்டுபிடிச்சாச்சே, இனிமே வேலைக்கி வேணான்னு அனுப்பிடுவானுங்களோன்னு கயிறு கட்டிக்கினே பேஜாராயிட்டேன்!”

5

சத்தியமாக இந்தப் பதிலை நான் எழுதவில்லை. அவர் ஏணியிலிருந்து விழுவதாக முடித்திருந்தேன். விழ மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பையிலிருந்து வெள்ளைத் தாள் எடுத்து ‘கண்டுபிடித்த’ என்பதன் மேல் ஒட்டிவிட்டு, மார்க்கரோடு திரும்பி என்னைப் பார்க்கிறார்.

“இதும்மேல இன்னா எழுதறது சார்?”

‘தேடும்’ என்றேன். ஏதோ ஆட்டைத் தொலைத்த மாதிரி இருக்கிறதாம், கலைப்பிரியாவுக்குப் பிடிக்கவில்லை. ‘யோசிக்கும்’ என்றாள் அவள். யோசிக்கிறதுக்கெல்லாமா ஃப்ளெக்ஸ் என்றார் அப்பா. எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. படித்துக்கொண்டிருக்கும் உங்களைக் கைகாட்டிவிட்டேன். ஏணியை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் கலைப்பிரியாவும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

“ஜல்தி சொல்லுங்க, கை வலிக்குது. நாளைக்கி விழா இருக்குது.”